கோட்டில் விழுந்த பந்து

கழகத்தின் பழைய வலையைக் கழற்றி
எண்ணூறு ரூபாய்க்கு விற்றுவிட்டான் கஜீபன்.
புது வலையும் பக்கத்திலேதான் சுருட்டிக் கிடந்தது.
அதில் கை வைக்கவில்லை.
அந்த ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டுதான்
அன்றிரவு பத்தரை வரை வாதாடினோம்.

நான் செயலாளர்.
கையெழுத்து வடிவு, அவ்வளவுதான் தகுதி.
"களவு போனது எண்டு எழுது" என்றான் துவாரகன்.
"வலை ஒன்று குறைகிறது" என்று எழுதினேன்.
இருந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஏழு பேருக்குப்
பொட்டலம் ஒன்றின் விலை தெரிந்திருந்தது.
அது அறிக்கையில் இல்லை.

நல்ல அடி ஒன்று விழுந்தால்
மனையாவெளிக் கடற்கரை முழுக்கக் கேட்க
"தூள்!" என்று கத்துகிற கூட்டம் நாங்கள்.
போன வருடத்தில் எப்போதோ
அந்தச் சொல் மைதானத்தை விட்டுப் போயிற்று.
யாரும் தடை போடவில்லை.
வாய் வரை வரும், விழுங்கிவிடுவோம்.

பந்தை எழுப்பிக் கொடுக்க அவனைப்போல் ஒருவன்
உட்துறைமுகத்திலிருந்து சல்லி வரை இல்லை.
அவன் எழுப்பிய பந்து மேலே ஒரு கணம்
அடிப்பவனுக்காகக் காத்து நிற்கும்.
அந்த விரல்கள்தான்
பிளேன்ரீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும்
பாதியை மணலில் ஊற்றின.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஹில்மி.
துண்டு எழுதுகிற இடத்தில்
"நீர் இவருக்கு என்ன முறை?" என்று கேட்டார்களாம்.
"எங்கட நாலாம் நம்பர்" என்றானாம்.

மருந்து தந்தார்கள்.
இரவுகளை நாங்கள்தான் பார்க்க வேண்டியிருந்தது.
சுற்றுப்போட்டி அட்டவணையின் பின்பக்கத்தில்
முறை போட்டோம்.
செவ்வாய் துவாரகன், புதன் ஹில்மியும் சமித்தும்,
வியாழனுக்கு நேரே யாரோ
"அரையிறுதி" என்று கிறுக்கி வைத்திருந்தான்.
பெண் என்று எனக்கு இரவு முறை இல்லை.
பிளாஸ்க்கை நிரப்பிக் கொடு என்றார்கள்.
கோபத்தோடு நிரப்பினேன், சீனி கூடிவிட்டது.
மூன்று நாளும் அவன் வயிற்றில் தங்கியது
அந்தக் கோப்பி மட்டும்தான் என்று
பிறகு சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் ஆளைக் காணோம்.
மதிலடியில் வழக்கமாக நிற்கும்
மோட்டார் சைக்கிளையும் காணோம்.
ஐந்து பேராய் ஆடினோம்.
சல்லிப் பொடியள் விடுவார்களா?
அந்த வெற்றிடத்துக்கே அடித்தார்கள்.
இருபத்தைந்துக்கு ஒன்பது.
வரவேட்டில் அவன் பெயருக்கு நேரே
"விலகினார்" என்று போட இடமிருந்தது.
நான்கு நாளும் "வரவில்லை" என்றே போட்டேன்.

ஐந்தாம் நாள் விடிய,
மான்கள் படுத்தெழும்பிய மைதானத்தில்
புழுக்கை கூட்டிக்கொண்டு நின்றான்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அன்று பின்னேரம் மதிலடியைப் பார்த்து
பெரிய பல்ப் ஒன்றைக் கட்டினோம்.
கரண்ட் பில் யார் கட்டுவது என்று
துவாரகன் மட்டும் முணுமுணுத்தான்.

பிறகு வந்த வாரங்களில் எல்லாருக்கும் அவன்
கைதவறினால் உடைகிற சாமான்.
பந்தைத் தவறவிட்டாலும்
"பரவாயில்லை, பரவாயில்லை."
இன்னும் ஒரு மாதம் அப்படியே போயிருந்தால்
எங்கள் அன்பு தாங்காமலே ஓடியிருப்பான்.

நேற்று ஹில்மி அடித்த அடி
கோட்டோரம் மணலைக் கிளப்பிக்கொண்டு விழ,
வாய்தவறித் துவாரகன் கத்தினான்:
"தூள்!"

எல்லாரும் தங்கள் தங்கள் கால்களைப் பார்த்தோம்.

வலைக்குக் கீழால் குனிந்து வந்தான் கஜீபன்.
"என்ன தூள்? அவுட்டடா. கண் தெரியாதா?"
"லைன்ல!"
"அவுட்!"
"அம்மாவாணை லைன்!"
கால் மணித்தியாலம்
அவனோடு சண்டை பிடித்தோம்,
பழையபடி,
ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காமல்.

இன்றைய அறிக்கையில் எழுத வேண்டும்:
பந்து உள்ளேயா வெளியேயா என்பது
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.